சம்மதம் சொன்னது நான்

2005ஆம் ஆண்டு, மே மாதம். மரக்காணம் உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவியல் ஏறிக்கொண்டிருந்த நேரம். நான் பள்ளி ஆசிரியை. கணவர் இறந்து ஆறு வருடமாகியிருந்தது. எனக்குப் பிறகு ஒரே மகளுக்கு யார் துணை என்ற பயத்தில், கிளியனூரில் ஒரு நல்ல குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தேன்.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லும்படி கேட்பார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்து முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “இன்னா டீச்சர், மருமவன் வரப் போறாரு, மொகத்துல சிரிப்பே காணோம்?” என்று ஒருத்தி சீண்டினாள். சிரித்துக்கொண்டே திரும்பினால், மகளைக் காணோம்.

தேடிப் போனால், பங்குச்சாமியாரின் அறையில் நின்றிருந்தாள்.

“தடை இருந்தா சொல்லச் சொன்னீங்களே ஃபாதர், அதான் வந்தேன்.”

“யாருக்கும்மா தடை?”

“எனக்குத்தான்.”

சாமியார் என்னைப் பார்த்தார். “கல்யாணத்துக்குப் பேர் எழுத வந்த அன்னிக்கு முழு சம்மதமான்னு பொண்ணக் கேட்டப்ப, நீங்கதானே டீச்சர் பதில் சொன்னீங்க?” என்றார். நான்தான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்திருந்ததை வெட்கம் என்று நினைத்துவிட்டேன்.

உப்பளக் கரையோரமாகவே இருவரும் வீட்டுக்கு நடந்தோம். காற்றில் அவள் முந்தானை என் முகத்தில் வந்து வந்து அடித்தது.

“கன்னியாஸ்திரி மடத்துல சேரணுமா? அதையாவது சொல்லித் தொலை.”

“இல்லம்மா. இங்கியே இருக்கேன். சாயங்காலம் உப்பளத்துப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன், காலையில கோயில். ஆண்டவருக்குன்னே இப்படி இருந்துடணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குது.”

“கன்னியாஸ்திரியும் இல்ல, கல்யாணமும் இல்லன்னா, ஊர்ல கேட்டா இன்னான்னுடி சொல்றது?”

“உங்க பொண்ணுன்னு சொல்லுங்க.”

மறுநாள் கிளியனூருக்கு நான் மட்டும் போவதாக இருந்தேன். விடாமல் அவளும் பஸ் ஏறினாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் அவளே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

“மேளத்துக்கு வரைக்கும் சொல்லியாச்சேம்மா! போன மாசமே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?” என்று அந்த அம்மா கொதித்தார். நியாயமான கோபம். எழுந்து உள்ளே போனவர், சிறிது நேரம் கழித்து இரண்டு டம்ளர் காபியோடு வந்தார்.

“மனசில்லாத பொண்ணக் கட்டி எம் புள்ள காலம் பூரா கஷ்டப்படுறதுக்கு, இந்தத் தலைகுனிவு எவ்வளவோ தேவலாம்” என்றவர், மகளிடம் டம்ளரை நீட்டி, “எந்நேரமும் ஜெபத்துலதான இருக்கப் போற? மொதல்ல எம் புள்ளைக்கு ஒரு பொண்ணு அமையணும்னு வேண்டிக்க” என்றார். மூவருமே சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன்.

அந்தப் பையனுக்கு மறு வருடமே கல்யாணமானது. நாங்கள் போய் விருந்து சாப்பிட்டோம். என் மகள் இன்றும் அவள் கேட்டபடிதான் வாழ்கிறாள், சந்தோஷமாக. எனக்குப் பிறகு யார் என்ற பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் முன்பெல்லாம் அவளுக்காக ஆண்டவரிடம் நீளமாகப் பட்டியல் போட்டவள், இப்போது அவள் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மீதியை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள்.