அத்தைமாரைக் கடலுக்கு அழைத்துப் போன அக்கா

எங்கள் அக்கா சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால், அம்மா பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா படிப்பை நிறுத்தி, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கினார். தோட்டம் கைமாறி லயங்கள் இடிபட்டபோது, செமோரில் வாடகை வீடு எடுத்து அம்மாவை அழைத்து வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கோபக்காரர்தான், ஆனால் போட்ட சோறு ஆறுவதற்குள் கோபமும் ஆறிவிடும்.

ஓய்வு பெற்று, சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அந்தத் தீபாவளிக்கு, அம்மாவோடு மரம் வெட்டிய நான்கு அத்தைமாருக்கும் அக்கா பணம் கொடுத்தார். பொங்கல் வருவதற்குள் அது ஒருவருடைய மகனின் மோட்டார் சைக்கிளுக்கும் இன்னொருவருடைய பேத்தியின் கைப்பேசிக்குமாகப் போய்விட்டது.

“கையில குடுத்தா பிள்ளைங்களுக்குப் போயிடுது. கூட்டிட்டுப் போயி கடல்ல விட்டா, அதை யாருக்குத் தூக்கிக் குடுப்பாங்க?” என்றார் அக்கா. பங்கோர் தீவில் நல்ல ஹோட்டலாகப் பார்க்க என்னிடம் சொன்னார்.

“சொந்த வீடு இல்ல, ஹோட்டலுக்குச் செலவாக்கா?” என்றேன்.

“காசு வந்தப்ப அம்மா இல்ல. இவங்களாவது இருக்காங்கல்ல.”

நால்வரில் பாப்பாத்தி அத்தை மட்டும் மறுத்தார். “சும்மா அடுத்தவங்க காசுல வரமாட்டேன் லா.”

“எனக்குக் கடல்னா பயம் அத்தே. நீங்க வந்தாத்தான் போவேன்” என்றார் அக்கா.

“அப்படின்னா வாரேன்.”

ஹோட்டல் அறையில் வெள்ளை விரிப்பு அழுக்காகிவிடும் என்று பாப்பாத்தி அத்தை தரையில் படுக்கப் போனார். அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, முறுக்கைக் கடித்து வேண்டுமென்றே விரிப்பில் சிந்தினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தையும் ஏறிப் படுத்தார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகும் அத்தை எழவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். கண் விழித்துத்தான் இருந்தார்.

“ஒன்னும் இல்ல. விடியறதுக்கு முன்ன எந்திரிச்சே பழகிட்டேன். இன்னைக்கு யாருக்கும் நான் எந்திரிக்க வேணாம். நல்லா இருக்கு லா.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே வரவில்லை. நான் வெளியே போனதும், வராந்தாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும்டி, எனக்கு இது போதும்” என்றார்.

பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியுமா என்று வகுப்பில் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்வேன். முடியாது என்றே எல்லோரும் எழுதுவார்கள். நானும் சரி போடுவேன். பங்கோருக்குப் போய் வந்த பிறகு அந்தத் தலைப்பைக் கொடுப்பதில்லை.

சில காலத்தில் அக்காவுக்குப் புற்றுநோய் கண்டது. ஈப்போ மருத்துவமனையில் ஒரு மாலை, “அப்பவே வீடு வாங்கியிருக்கலாம்லக்கா?” என்று கேட்டேன்.

“வாங்கியிருந்தா, யாருக்கு எழுதி வைக்கிறதுன்னு இப்ப மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருப்பேன். போய் டீ வாங்கிட்டு வா” என்றார். வலி இருந்தது, மனக்குறை இருக்கவில்லை. மறு வாரம் அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், இரவு பகல் பாராமல் துணை நின்ற அக்கம்பக்கத்தார், இறுதிச் சடங்கிலும் இந்த ஓராண்டு நினைவு நாளிலும் தோள் கொடுத்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. கொடுத்தவருக்கு நன்றி சொல்வதுதான் வழக்கம். ஆனால் அக்கா கொடுத்ததை மனதார வாங்கிக்கொண்ட நான்கு அத்தைமாருக்கும், அவர் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.