நான்கு வரிக்குக் கீழே நான் போட்ட கோடு

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தொடர்மாடி வீடு வாங்கி நாங்கள் குடிவந்த புதிது. என் கடைசி மகளுக்கு உயர்தரப் பரீட்சை முடிவு வந்திருந்தது. அவளுடைய பல்கலைக்கழக விண்ணப்பத்தை நான் தபாலில் சேர்க்கப் போன அன்று நடந்த விஷயம் இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. நான் இதே கொழும்பில், ஜிந்துப்பிட்டியில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பதினெட்டு வயதில் புறக்கோட்டைக் கடைத்தெரு ஒன்றில் மூட்டை இறக்கினேன். முப்பத்திரண்டு வயதில் அதே தெருவில் என் சொந்தக் கடையைத் திறந்தேன். குழாய், வாஷ்பேசின், பாத்ரூம் சாமான் எல்லாம் மொத்த வியாபாரம். மூன்று பாஷையில் சண்டை பிடிப்பேன், ஒன்றில்தான் எழுதுவேன். கல்கிசை வரைக்கும் எழும்புகிற மாடிகளில் எத்தனையோ வீட்டில் என் கடைக் குழாயில்தான் தண்ணீர் வருகிறது. இதில் யாரும் எனக்கு ஒரு கை கொடுத்ததில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மகள் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று நின்றாள். முதல் தடவை எழுதியபோது புள்ளி காணவில்லை, இடம் கிடைக்கிற அளவுக்குப் போதவில்லை. இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டாள். வீட்டுக் கடன் கழுத்து வரைக்கும் இருந்த காலம், காசு கட்டித் தனியாரிடம் படிக்க வைக்க வழியில்லை. மனைவியின் பக்கத்துச் சொந்தத்தில் மாப்பிள்ளை வேறு பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே இந்த விண்ணப்பத்தில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விண்ணப்பத்தோடு ஒரு தடித்த புத்தகம் வந்தது. அதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கம்ப்யூட்டர் படிப்பு என்றால் ஒரு படிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதில் ஐந்தாறு பெயரில் இருந்தது. ஒவ்வொரு பெயரும் நாலைந்து பல்கலைக்கழகத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். போன வருடம் எவ்வளவு புள்ளிக்கு எடுத்தார்கள் என்று மாவட்டம் மாவட்டமாகப் பட்டியல். புள்ளி என்றாலும் எழுபது, எண்பது என்று மனிதருக்கு விளங்குகிற புள்ளி இல்லை. ஒன்று தசம் ஏதோ. வவுனியாவில் இருக்கிற என் தம்பியின் மகளுக்கு இதே புள்ளி தாராளமாகப் போதுமாம். கொழும்பில் பரீட்சை எழுதிய என் மகளுக்குப் போதாதாம். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்றுதானே நான் கொழும்பை விட்டு அசையாமல் கிடந்தேன்? யாரிடம் போய்க் கேட்பது?

மகள் ஒரு தாளில் பதினாறு இடங்களை எழுதி வைத்திருந்தாள். மூன்று பிரிவாகப் பிரித்திருந்தாள்: கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்கக்கூடும், அநேகமாகக் கிடைக்கும். அந்த மூன்றாவது பிரிவைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பெயர் கேள்விப்படாத ஊர்கள். பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம், ஆறு மணித்தியாலம்.

"இதெல்லாம் என்னத்துக்கு?" என்றேன்.

"மேல உள்ளது கிடைக்காட்டி இது இருக்குமே அப்பா."

"விலை பேசுற நேரம் நீ எவ்வளவு மட்டும் இறங்குவாய் எண்டு எதிராளிக்குச் சொல்லலாமா? நீயே ஒண்டுக்கும் உதவாத இடத்தை எழுதிக் குடுத்தா, அவன் ஏன் உனக்கு நல்ல இடம் தரப்போறான்? இவளுக்கு இது போதும் எண்டு அதைத் தள்ளிவிடுவான்."

"இது விலை பேசுறது இல்ல அப்பா."

"எல்லாம் விலை பேசுறதுதான். நான் பாத்ததை நீ பாக்கேல்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் என் கதையைத் தொடங்கிவிட்டேன். என் கடையில் இரண்டாம் தரச் சாமானை வைப்பதே இல்லை என்பதையும், அதனால்தான் வீடு கட்டுகிற கொந்துறாத்துக்காரர்கள் என்னைத் தேடி வருகிறார்கள் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி அப்பா, உங்கட விருப்பம்" என்றாள். கொழும்பிலும் கொழும்பை ஒட்டியும் இருக்கிற பெரிய பெயர் நாலை மட்டும் நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கீழே பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. பில்லில் கடைசிச் சாமானுக்குக் கீழே இடம் இருந்தால் நான் விடமாட்டேன். யாரும் பிறகு ஒன்றைச் செருகாமல் குறுக்கே கோடு போட்டு அடைத்துவிடுவேன். அதே பழக்கத்தில் அந்தப் பெட்டிகளுக்கும் பேனையால் மூலைக்கு மூலை கோடு இழுத்து, பக்கத்தில் சின்னதாக என் கையெழுத்தையும் போட்டேன். அவள் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பகல், பதிவுத் தபாலில் நானே அனுப்புகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த நாள் கடைசித் திகதி. கொப்பி எடுக்காமல் ஒரு கடிதமும் என் கையை விட்டுப் போகாது. காலி வீதியில், தபாற்கந்தோருக்குக் கொஞ்சம் முன்னால், போட்டோக் கொப்பி அடிக்கிற சின்னக் கடை ஒன்று இருந்தது. அங்கே நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தாளைக் கண்ணாடியில் வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"ஐயா, மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம்?"

"இதில நாலுதான் இருக்கு. மற்றப் பக்கத்தை வீட்டில விட்டிட்டு வந்திட்டீங்களோ?"

"அவ்வளவுதான் தங்கச்சி. என்ட மகளுக்கு அது போதும்."

அவள் தாளைத் திரும்பப் பார்த்தாள். "இந்தக் கோடு ஆர் போட்டது?"

"நான்தான்."

"கையெழுத்து வேற வச்சிருக்கிறீங்கள்." சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "மகளுக்கு எவ்வளவு புள்ளி?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "கொழும்பு மாவட்டமோ?" என்றாள். ஓம் என்றேன். போன வருடக் கணக்குப்படி என் நாலில் மூன்றுக்கு அந்தப் புள்ளி எட்டாது, நாலாவதுக்கு மட்டும் மயிரிழையில் எட்டும், இந்த வருடம் அது கொஞ்சம் கூடினால் அதுவும் இல்லை என்று சொன்னாள். புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள். வருடா வருடம் எத்தனையோ பிள்ளைகளின் தாள் அவளுடைய கண்ணாடியில் படுத்து எழும்புகிறது.

நானும் விடவில்லை. மகளுக்குச் சொன்ன அதே நியாயத்தை அவளுக்கும் சொன்னேன். கீழான இடத்தை எழுதினால் அதைத்தானே தருவான்?

"ஆர் தருவான்?"

"அங்க இருக்கிறவன்."

"அங்க ஒருத்தரும் இல்ல ஐயா. கம்ப்யூட்டர்தான் பாக்குது. உங்கட மகள் படிக்கக் கேக்கிற அதே சாமான்." மெஷினின் மூடியை மூடிவிட்டுத் தாளின் முதல் வரியிலிருந்து கீழாக விரலை ஓட்டிக் காட்டினாள். "அது மேல இருந்து ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு வரும். புள்ளி காணுற முதல் இடத்தில நிண்டிடும். அதுக்குக் கீழ நீங்கள் நூறு எழுதினாலும் பாக்காது. மேல ஒண்டும் காணாட்டி மட்டும்தான் கீழ இறங்கும். இறங்குறதுக்குக் கீழ ஒண்டும் இல்லாட்டி, வெளியில."

எனக்கு விளங்கியது போலவும் இருந்தது, விளங்காதது போலவும் இருந்தது. அப்படியென்றால் கீழே எழுதுவதால் மேலே உள்ளதற்கு நட்டம் இல்லையா? மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் இல்லை என்றாள். என் கடை வாழ்க்கையில் நான் அப்படி ஒரு வியாபாரத்தைக் கண்டதில்லை. ஏதோ ஏமாற்று இருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"நீ என்ன, படிச்ச ஆளோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட தொனியும் நல்லதில்லை.

அவள் கோபிக்கவில்லை. "என்ட காலத்தில நான் ரெண்டே ரெண்டுதான் எழுதினனான். கொட்டாஞ்சேனையை விட்டுத் தூரம் போக ஏலாது எண்டு வீட்டில சொல்லிப்போட்டினம். என்ட புள்ளிக்கு வேற மூண்டு இடத்தில எடுத்திருப்பாங்கள். பிறகுதான் தெரிய வந்தது." தாளை என் கையில் தந்தாள். "இப்ப உங்களுக்குக் கொப்பி அடிக்கிறன்."

நான் கடைக்கு வெளியே வந்து நின்றேன். பஸ் போகிறது, வருகிறது. தபாற்கந்தோர் நாலு கடை தள்ளி. போவதா, திரும்புவதா என்று தெரியவில்லை. சரக்குக் கப்பல் தாமதமாகி வாரக்கணக்கில் காத்திருந்தபோதும் நான் இப்படித் தடுமாறியதில்லை. மகளுக்குப் போன் எடுத்தேன். "நீ எழுதின அந்தப் பதினாறும், அது இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றாள். வா என்றேன்.

அவள் வருவதற்குள் அடுத்த பிரச்சினை தெரிந்தது. கோடு போட்டுக் கையெழுத்து வைத்த தாளை இனி எப்படி அனுப்புவது? புதிய விண்ணப்பம் வேண்டும். திரும்பக் கடைக்குள் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். புத்தகக் கடைகளில் அது முடிந்து பல நாளாகிவிட்டதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் குனிந்து, மேசைக்குக் கீழே தாள் கட்டுகளை விலக்கி, பொலித்தீன் உறை பிரிக்காத விண்ணப்பப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"ஒவ்வொரு வருசமும் ஒண்டு மேலதிகமா வாங்கி வைப்பன்," என்றாள். "கட்டாயம் ஒரு அப்பா வருவார்."

மகள் வந்தாள். இரண்டு பேரும் தலையைத் தலையோடு வைத்துக்கொண்டு இருந்தார்கள். இலக்கங்களும் தசங்களும் என் தலைக்கு மேலால் போய்வந்தன. என் நாலும் மேலேயே இருக்கட்டும், ஆசைக்கு விலை இல்லை என்றாள் அந்தப் பெண். ஐந்தாவதையும் ஆறாவதையும் மாற்றி எழுதச் சொன்னாள். கிடைத்தாலும் நீ போக விரும்பாத இடம் ஏதாவது இருந்தால் அதை எழுதாதே என்றும் சொன்னாள். மகள் யோசித்து இரண்டை வெட்டினாள். அவளுக்கு அப்படி விருப்பு வெறுப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஸ்டூலில் இருந்து ஒருதரம், "அந்த ஊரில எங்கட சாப்பாடு கிடைக்குமோ?" என்று கேட்டேன். இரண்டு பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார்கள். அத்தாட்சிக் கையெழுத்துக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த சமாதான நீதவானிடம் ஓடி, தபாற்கந்தோர் மூடுவதற்கு முன் சேர்த்துவிட்டோம்.

மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. அந்த வருடம் புள்ளி கூடிவிட்டதால் என் நாலில் ஒன்றும் கிடைக்கவில்லை. சப்ரகமுவப் பக்கம், ஒன்பதாவதாக எழுதிய இடம் கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர்தான். நான் பழப்பெட்டி ஒன்றோடு அந்தக் கடைக்குப் போனேன்.

"எத்தனையாவது?" என்று முதலில் கேட்டாள்.

"ஒன்பது."

"கோட்டுக்குக் கீழ," என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரின் தாளை வாங்கினாள்.

மகள் படித்து முடித்து, இன்று நல்ல கம்பனி ஒன்றில் இருக்கிறாள். ஒரு வருடத்தில் நாட்டுப்பேச்சுச் சிங்களமும் பழகிவிட்டாள், என்னை விடத் திறமாகச் சண்டை பிடிப்பாள். அந்தத் தசமக் கணக்கு எனக்கு இன்றும் பாதிதான் விளங்குகிறது. அது போகட்டும். எனக்கு விளங்காதது வேறு ஒன்று. நான் கோடு இழுத்தபோது முழுக் கணக்கும் தெரிந்த என் மகள் எதிரில் நின்றாள். தன் படிப்பு அந்தக் கோட்டோடு போய்விடும் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேசாமல் நின்றாள். ஏன் என்று கேட்க இத்தனை வருடமாக எனக்குத் துணிவு வரவில்லை. முன்பெல்லாம் நான் ஒன்றைச் சொல்லி, வீட்டில் எல்லோரும் மறுபேச்சில்லாமல் இருந்தால் அதை மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்படுவேன். இப்போது அப்படி ஒரு அமைதி வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, சொன்னதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.