ஒற்றைச் சிறுநீரகத்துடன் சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்கு

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தங்கைக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப் போகிறாராம். கொடுத்த பிறகு பேருந்தில் போகலாமா, குலுங்கினால் ஏதும் ஆகுமா, தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தார். நான் மருத்துவன் இல்லை. சேலத்தில் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் 1980இல் என் அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தவன். இன்றும் மீதி ஒன்றோடு நடமாடுகிறவன். அதனால் அதற்குப் பிறகு நான் தனியாகப் போன முதல் பயணத்தை எழுதுகிறேன். முப்பது கிலோமீட்டர் போகவே பயந்து கிடந்தவன், ஒரே நாளில் போக வர நூற்றைம்பது கிலோமீட்டர் போய்வந்த கதை.

அது 1983 டிசம்பர். கொடுத்து மூன்று ஆண்டுகள் ஆகியும் வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்றுதான் இருந்தேன். உடம்பில் குறை ஒன்றும் இல்லை. பயம்தான். மாடிப்படி ஏறினால் விலாவைப் பிடித்துக்கொள்வேன். என் அக்காதான் என்னைக் கிளப்பினாள். சென்னையில் அவள் மாதச் சோதனைக்குப் போகும் ஆஸ்பத்திரியில் சின்னசாமி என்று ஓர் இளைஞர் படுத்திருந்தார். மேட்டூரில் தொழிற்சாலை வேலை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பரமத்தி வேலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவருடைய அக்கா ராமாயியின் சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. ராமாயிக்குச் சம்மதம். அவர் கணவர் முத்துசாமிக்கு இல்லை. கணவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்போம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பொங்கலுக்குள் முடிவு தெரியாவிட்டால் சின்னசாமி தாங்க மாட்டார்.

"நீ பேச வேண்டாம்டா. போய் அவங்க முன்னாடி நில்லு. அது போதும்" என்றாள் அக்கா.

பேச வேண்டாம் என்றதால்தான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சேலம் பேருந்து நிலையத்தில் ஏறினேன். இன்று பழைய பேருந்து நிலையம் என்கிறார்களே, அதுதான் அன்றைக்கு ஒரே நிலையம். நாமக்கல்லுக்குச் சீட்டு நாலரை ரூபாய் என்று நினைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, குலுக்கல் குறைந்த இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு தோள்பை. அதில் ஒரு வேட்டி, சட்டை, துண்டு. அப்புறம், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இரண்டு பெரிய கண்ணாடிப் பாட்டில்களில். வெளியூர்த் தண்ணீரை நம்பக்கூடாது, தண்ணீர் குறையவும் கூடாது என்று நானே போட்டுக்கொண்ட விதி. தழும்பு இடது விலாவில் இருப்பதால் பையை எப்போதும் வலது தோளில்தான் மாட்டுவேன்.

மல்லூர் தாண்டும்போதே முதல் பாட்டிலில் பாதி காலி. இருபத்தேழு கிலோமீட்டரில் ராசிபுரம். வண்டி ஐந்து நிமிடம் நின்றது. இறங்கி ஓடிப்போய் ஓடிவந்தேன். நெய் வாசனையும் பட்டுத்துணிக் கடைகளும் உள்ள ஊர் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கழிப்பிடம் இருந்த சந்து மட்டும். புதுச்சத்திரம் வருவதற்குள் மறுபடி முட்டியது. கேட்பதா வேண்டாமா என்று இரண்டு மைல் யோசித்து, கடைசியில் எழுந்து கண்டக்டரிடம் போனேன்.

"மறுக்காவா? சக்கரை வியாதிங்களா சாமி?"

"இல்லைங்க. தண்ணி கொஞ்சம் அதிகமாக் குடிச்சிட்டேன்."

"பஸ்ஸுல வாரதுன்னு தெரியுமில்லீங்க, அப்பறம் ஏனுங்க குடிச்சீங்க?" என்றபடி விசில் ஊதினார். நான் புளியமரத்தடிக்கு ஓடும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "பொடிநடையா நாமக்கல்லுக்கே போயிராதீங்க. சீட்டு வாங்கியிருக்கறீங்க."

வண்டியே சிரித்தது. வெட்கத்தில் தலை குனிந்து ஏறினேன். ஆனால் ஒன்று கவனித்தேன். ஓடிப்போய் ஓடிவந்தும் விலாவைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு நாமக்கல் பாறைக்கோட்டை தெரிந்தது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் ஞாயிறன்றும் சுத்தியல் சத்தம். இரண்டு இட்லி சாப்பிட்டு, கரூர் போகும் பேருந்தில் ஏறி, பரமத்தி வழியாக இருபது கிலோமீட்டர் போய் வேலூரில் இறங்கினேன். பரமத்திக்கு அப்பால் நிறமே மாறிவிடும். அதுவரை சோளத்தட்டும் கடலைக்காடும். அதற்கப்புறம் வாழை, கரும்பு, அகத்தி மரங்களில் வெற்றிலைக்கொடி ஏற்றிய கொடிக்கால்கள். காவிரிக் காற்று முகத்தில் படும்.

அக்கா முன்கூட்டியே கடிதம் போட்டிருந்ததால் முத்துசாமி நிலையத்திலேயே நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, உயரமான ஆள், தோளில் துண்டு. என் சட்டையைத்தான் முதலில் பார்த்தார். உள்ளே தெரிகிறதா என்பதுபோல.

"சேலத்துக்காரருங்களா? வாங்க. பைய இப்படிக் குடுங்க."

"பரவாயில்லைங்க, நானே வெச்சுக்கறேன்" என்றேன். ஒரு பையைக்கூடத் தூக்க முடியாதவன் என்று நினைத்துவிடுவாரே என்ற கூச்சம். வாசகர்களே, இந்தக் கூச்சம்தான் அன்று பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது.

ஊர் மூன்று கிலோமீட்டர். வாய்க்கால் கரையிலேயே நடை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. "நீங்க முன்னால போங்க" என்றார். நான் நின்றால் அவரும் நின்றார். வழிவிட்டால் முன்னால் போகமாட்டேன் என்றார். பேச்சுக் கொடுத்தால் ஒரு வார்த்தையில் முடித்தார். வீடு போய்ச் சேரும்வரை என் முதுகுக்குப் பத்தடி பின்னால் அவர் காலடிச் சத்தம் மட்டும். என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தான், அவர் மனைவியை அறுக்கச் சொல்ல வந்தவன்தானே நான்.

கொடிக்காலை ஒட்டி ஓட்டுவீடு. ராமாயி வாசலுக்கு வந்து வரவேற்றார். முப்பத்தெட்டு வயது இருக்கும். வேகமான கை, வேகமான பேச்சு. சாப்பாடு போட்டார். குழம்பில் உப்பு இல்லை, ரசத்திலும் இல்லை.

"உங்குளுக்கு உப்பு ஆகாதுன்னு சொன்னாங்க."

"அது நோயாளிக்குங்க. கொடுத்தவங்க மத்தவங்க மாதிரி அளவாச் சாப்பிடலாம்."

"கேட்டீங்களா?" என்று கணவர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நான் குடுத்துட்டு வந்தாலும் உங்குளுக்கு உப்புப்போட்ட குழம்புதான்."

முத்துசாமி சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தோம். பக்கத்து வீட்டார் நான்கைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்:

"நான் பாத்துட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சாயறீங்க."

எனக்குப் புரியவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து பாத்துக்கிட்டே வந்தனுங்க. இடது பக்கமாச் சாயறீங்க. எந்தப் பக்கம் எடுத்தாங்க?"

"இடது பக்கம்."

"அதேதானுங்க. ஒரு பக்கத்து முட்டுக்கால உருவிட்டா பந்தல் அந்தப் பக்கந்தானுங்களே எறங்கும். மூணு வருசத்துல இவ்வளவுன்னா, இவ குனிஞ்சு நிமுந்து கொடிக்கால்ல வேல செய்யறவ. பத்து வருசத்துல என்ன ஆவா?"

சொன்னால் சிரிப்பீர்கள். நான் நம்பிவிட்டேன். மூன்று வருடமாகச் சாய்ந்து நடந்திருக்கிறேன், அலுவலகத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், இரக்கப்பட்டு யாரும் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது. சின்னசாமியைப் பிழைக்கவைக்க வந்தவன், வந்து நின்றே அவர் வழியை அடைத்துவிட்டேன்.

ராமாயிதான் என் பையை எடுத்து நகர்த்தப் போனார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"இதுல என்னங்க இருக்குது? ஆட்டுக்கல்லா?"

பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தார். ஒன்றில் பாதி, ஒன்று நிறைய.

"காய்ச்சின தண்ணிங்க" என்றேன்.

"ஏனுங்க, காவேரிக்கரைக்கு வாரதுக்குச் சேலத்துல இருந்து தண்ணியா?" என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கேட்க, வாசல் முழுக்கச் சிரிப்பு. ராமாயி சிரிக்கவில்லை. பாட்டில்களைத் திரும்பப் பையில் போட்டு, கணவர் வலது தோளில் மாட்டிவிட்டார்.

"மாமா, அந்தக் களம் வரைக்கும் போயிட்டு வாங்க."

"எதுக்கு?"

"போங்க, சொல்றேன்."

முத்துசாமி போனார். நாங்கள் எல்லோரும் அவர் முதுகைப் பார்த்தோம். இடது பக்கமாக அழகாகச் சாய்ந்து போனார்.

"நீங்க எப்பங்க ஒன்னக் குடுத்தீங்க?" என்று ராமாயி சத்தமாகக் கேட்டார்.

பிறகு என்னைப் பையில்லாமல் நடக்கச் சொன்னார்கள். இரண்டு தரம் நடந்தேன். நேராக நடப்பது எப்படி என்பதே மறந்துவிடும்போல இருந்தது. ஆனாலும் சாயவில்லை என்று தீர்ப்பானது. பிறகு தழும்பைக் காட்டச் சொன்னார்கள். என் மனைவியைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. பொத்தானைக் கழற்றினேன். அன்றைய அறுவை முதுகுப்பக்கம் தொடங்கி விலாவுக்குக் கீழே வளைந்து வயிறுவரை வரும். (இப்போது சின்னத் துளைகளிலேயே முடிக்கிறார்கள்.)

"இத்தன நீளத்துக்கு ஒரு ஜிப்பாவது வெச்சிருக்கலாமுங்க" என்றார் அதே அம்மா.

முத்துசாமி குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை. வலித்ததா என்று கேட்டார். வலித்தது, ஒரு மாதம் இருமவும் சிரிக்கவும் பயந்தேன் என்றேன். கனம் தூக்க எத்தனை நாள் என்றார். மூன்று மாதம் என்றேன். கடைசியாக, "மிச்சம் இருக்கற அந்த ஒன்னு கெட்டுப்போச்சுன்னா?" என்றார்.

ராமாயி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. ஒரு சின்னப் பொய் போதும். என்னால் சொல்ல முடியவில்லை.

"கெட்டுப்போனா அவங்களும் சின்னசாமி படுத்திருக்கற இடத்துலதாங்க படுக்கணும். அப்படி ஆகறது அபூர்வம்னு டாக்டர்கள் சொல்றாங்க. ஆகவே ஆகாதுன்னு யாரும் எனக்குச் சொல்லலை. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

முத்துசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொழுதாகுது, பஸ்ஸுக்குப் போலாங்க" என்றார். ராமாயி உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை.

திரும்பும்போது பை அவரிடம். வாய்க்கால் கரையில் நடந்தோம். என் மனதுக்குள் அக்காவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். வேலூர்க் கடைவீதி தெரிந்ததும் அவர் நின்றார்.

"எங்கிட்டயும் ரண்டு இருக்குதுங்களே. என்னுது எம்பட மச்சினனுக்குச் சேராதுங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல கூடப்பொறந்தவங்களத்தாங்க பாப்பாங்க. அதுலயும் ராமாயி அம்மாவோடது நல்லாப் பொருந்திடுச்சு. உங்களோடது அப்படிப் பொருந்தறது கஷ்டங்க. கேட்டுப் பாக்கலாம், தப்பில்லை."

"அதுக்கு நாளிருக்குதுங்களா அவனுக்கு?"

"இல்லைங்க."

நிலையத்துக்கு வந்துவிட்டோம். நாமக்கல் பேருந்து கிளம்பத் தயாராக நின்றது. ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தேன். பையை நீட்டியவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ஆஸ்பத்திரில கூட இருக்கறவங்க எங்கங்க படுக்கறது?"

வராந்தாவில் பாய் விரித்துக்கொள்ளலாம் என்றேன். சென்னையில் கொசு அதிகம், போர்வை வேண்டும் என்றேன். எதிரில் சாப்பாட்டுக் கடை உண்டு என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வாசகிக்கும், இப்படிப் போகப்போகிற மற்றவர்களுக்கும் என் அனுபவத்தில் சில. எப்போது பயணம் போகலாம் என்பதை உங்கள் அறுவை மருத்துவரே சொல்லட்டும். என்னைப்போல மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு விழுங்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ஒரு சிறுநீரகம்தான் என்று சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு தரம் ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் மூன்றும் பாருங்கள். நாற்பது ஆண்டுகளாக நான் தவறவிட்டதில்லை. இப்போது சிறுநீரகம் கொடுப்பதற்குச் சட்டம், குழு, நேர்காணல் எல்லாம் உண்டு. ஆகவே முன்கூட்டியே விசாரியுங்கள். கொடுக்கப் போகிறவரின் கணவரையோ மனைவியையோ டாக்டரிடம் கூட்டிப்போய், மனதிலிருப்பதை அவர் வாயாலேயே கேட்க விடுங்கள். வேண்டாம் என்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்று நான் அன்று கேட்கவில்லை. அவராகச் சொன்னதால் தெரிந்தது.

தை பிறந்ததும் ராமாயி கொடுத்தார். முத்துசாமி இருபது நாள் வராந்தாவில் படுத்திருந்தார். சின்னசாமி மேட்டூர் வேலைக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, பதினான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ராமாயிக்கு இப்போது எழுபத்தெட்டுக்கு மேல். ஆண்டுச் சோதனைக்கு இருவரும் சேர்ந்துதான் நாமக்கல் போகிறார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முத்துசாமிக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.