அக்கா மீளப்பெற்ற கட்டுரை

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. திதிக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் மலரில் அவருடைய வாழ்க்கையை எழுத வேண்டும் என்று வீட்டார் என்னிடம் சொல்லி மூன்று வாரமாயிற்று. உட்காருவேன், இரண்டு வரி எழுதுவேன், எழுந்துவிடுவேன். அவரைப் பார்த்துக்கொண்ட நான்கு வருடக் களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஆனாலும் இதை வேறு யாரும் எழுத முடியாது.

அக்கா பிறந்தது அப்புத்தளைக்குக் கீழேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவுக்குச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பது. அப்பா நெஞ்சுவலியில் போனபோது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. பெரிய பிள்ளையை வேலைக்குப் பேர் பதியச் சொல்லிக் கங்காணி வீட்டுக்கே வந்தார். "அவ படிக்கட்டுங்க. நான் இருக்கேன்ல" என்று அம்மா சொல்லிவிட்டார். விடிந்ததும் மலைக்குப் போனார், அவ்வளவுதான்.

தோட்டப் பாடசாலை, பிறகு பதுளை, பிறகு பேராதனை, அதன்பின் வெளிநாட்டுப் படிப்பு என்று அக்கா போய்க்கொண்டே இருந்தார். திரும்பி வந்து விரிவுரையாளரானார். அவர் படித்தது பாறைகளில் தங்கியிருக்கும் பழைய காந்தம். தீக்குழம்பு குளிர்ந்து கல்லாகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைக்குப் பூமியின் காந்தம் காட்டிய திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை கோடி வருடமானாலும் அதை அளந்து, இந்த நிலம் அப்போது உலகத்தில் எங்கே கிடந்தது என்று சொல்லலாம். எனக்கு விளங்கிய அளவு இதுதான்.

பாதை ஓரத்தில் அக்கா கல்லைத் துளைத்துக்கொண்டிருந்தால் தோட்டத்து ஆட்கள் கூடிவிடுவார்கள்.

"மாணிக்கம் பாக்குறீங்களா மிஸ்?"

"இல்லங்கண்ணே. இந்தக் கல்லு இறுகுனப்போ வடக்கு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாக்குறேன்."

"வடக்கு எங்கங்க போகும்?"

"நாமதாங்க போயிருக்கோம்" என்பார் அக்கா. அவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்காமல் அடுத்த துளைக்குப் போவார்.

அளக்கும் கருவி இங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. பெட்டி நிறையக் கற்களும் கைப்பையில் இரண்டு உடுப்புமாக விமானம் ஏறுவார். அங்கே மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் அவருக்குக் கருவி கிடைக்கும். ஒரு மாதம் அப்படி இருந்துவிட்டு, கன்னம் ஒட்டித் திரும்பி வருவார். வந்த மறுநாளே விரிவுரை. கலியாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அவர் ஊரில் இல்லை.

உதவிக்கு ஆள் வைக்க வசதியில்லாததால் பள்ளிக்கூட விடுமுறைகளில் நான் கூடப் போவேன். பதுளையில் ஆசிரியையாக இருந்தேன். தண்ணீர் ஊற்றுவது, குறிப்பேட்டில் எழுதுவது, கல்லில் கோடு போடுவது என் வேலை. கட்டைவிரல் மொத்தத்தில் கல்லுருளை வரும். அதைக் கழற்றியவுடனேயே, எந்த முனை வெளியே இருந்தது என்று அம்புக்குறி போட்டுவிட வேண்டும். அம்பு மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்.

பெரகலைக்குக் கீழே பாதையை அகலப்படுத்த மலையை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடத்தில் பழைய பாறையைப் பிளந்துகொண்டு ஏறிய கரும்பாறை ஒன்று சுவர் மாதிரித் தெரிந்தது. அக்கா பல வருடம் தேடியது அதைத்தான். அன்றைக்கு அவருக்குக் கடும் காய்ச்சல். காலையிலிருந்து துளைத்தவர், மத்தியானம் எழுந்து நிற்க முடியாமல் வேனுக்குள் படுத்துவிட்டார். துளையிட்டாயிற்று, திசையும் பார்த்தாயிற்று. கற்களைக் கழற்றி அம்பு போடுவதுதான் மீதி. மழை கொட்டியது. நான் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேனுக்குள் ஓடி வந்து, துடைத்து, அதன்பிறகு அம்பு போட்டேன். புதிதாக வெட்டிய பாறை. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. முதல் கல்லில் எனக்குச் சந்தேகம் வந்தது. கோடு ஆழமாக விழுந்திருந்த முனைதான் வெளிமுனை என்று நானாக ஊகித்து, மற்றவற்றையும் அதே மாதிரிப் போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார். "சரியாப் போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

திரும்ப அந்த மழைக்குள் இறங்க எனக்கு மனமில்லை. இதுதான் உண்மை.

வெளிநாட்டில் அளந்தபோது அந்தக் கற்கள் தலைகீழாகத் திசை காட்டின. பூமியின் காந்தம் வடக்குத் தெற்காக மாறியிருந்த காலத்தில் அந்தப் பாறை குளிர்ந்திருக்கிறது என்று அக்கா எழுதினார். வெளிநாட்டு இதழில் வந்தது, பலர் மேற்கோள் காட்டினார்கள். அக்கா அந்தப் பிரதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர் இருந்தது. சந்தோஷப்பட்டேன். உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது; அதை யாரிடமும் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து அக்காவின் மாணவி ஒருத்தி லுணுகலைப் பக்கம் ஓர் ஓடையில் அதே வகைக் கரும்பாறையை எடுத்து அளந்தாள். வயதும் சேர்மானமும் ஒத்துப்போயின; திசை மட்டும் நேர் எதிராக இருந்தது. பெரகலையில் மறுபடி எடுக்கலாமென்றால், அந்த இடத்தைக் கொங்கிரீட் சுவர் மூடியிருந்தது. அக்கா பழைய கற்களை எடுத்துப் பார்த்தார். அம்புகள் அவர் கையால் போட்டவை அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதுளைக்கு வந்தார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கைக்குட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது உன் கைதானே?"

"ஆமாக்கா."

"கழட்டுன எடத்துலயே போட்டியா?"

"இல்லக்கா. மழை. வேனுக்குள்ள வந்து போட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

கல்லைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினார். பிறகு, "சோறு இருக்கா?" என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் சொன்னார்: "நான் எழும்பி வந்து பாத்திருக்கணும்."

இதழுக்கு எழுதிக் கட்டுரையை மீளப்பெற்றார். யாரும் கவனிக்கவில்லை, அடுத்த கட்டுரையில் மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. களத்தில் தான் செய்த பிழை என்று எழுதினார். என் பெயரைச் சொல்லவே இல்லை. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்திலிருந்தும் அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டார். பதவி கிடைக்கவில்லை. சிரேஷ்ட விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார்.

மாணவி சரியான திசையை வைத்துப் பிறகு எழுதினாள். அதைப் படித்துவிட்டு, "நெலத்தைச் சரியான எடத்துல கொண்டுபோய் வச்சிட்டா" என்றார் அக்கா. அதற்குப் பிறகு கல் தேடிப் போகவில்லை.

சிறுநீரகம் பழுதாகி அக்கா என் வீட்டுக்கு வந்தார். இரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு தடவை வைத்தியசாலை. காத்திருந்து காத்திருந்து இருவருக்குமே பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் வைத்தியசாலை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார்.

"எனக்குக் கோவந்தான் புள்ள. ரெண்டு வருஷம் உன்கிட்ட ஒழுங்காப் பேசல. கவனிச்சியா?"

"வேலைன்னு நெனச்சேன்க்கா."

"வேலை இல்ல."

"இப்ப?"

"இப்பக் களைப்பா இருக்கு. அந்தத் தண்ணிப் போத்தலை எடு."

மூடியைத் திறந்து கொடுத்தேன். அடுத்த மாதம் பதுளை வைத்தியசாலையில், ஒரு காலைப்பொழுதில், மூச்சு அடங்கிற்று.

அக்காவைத் தூக்கிப் படுக்க வைத்த தாதியருக்கும், நேரம் காலம் பாராமல் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இறுதிக் கிரியைக்கு அப்புத்தளையிலிருந்து பஸ் பிடித்து வந்த தோட்டத்து மக்களுக்கும், கடல் தாண்டி வந்து மூன்று நாள் எங்களோடு இருந்த அந்த மாணவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மலரை அச்சிடுபவர், "பேராசிரியர்னு போடவாங்க?" என்று கேட்டார். வேண்டாமென்றேன். துக்க வீட்டிலும் உங்களில் சிலர் என்னிடம் வந்து, ஏதோ பிழை விட்டதால்தான் அந்தப் பதவி அக்காவுக்குக் கிடைக்காமல் போயிற்றாமே என்று இரக்கத்தோடு கேட்டீர்கள். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். இனி யாராவது அப்படிக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பிழை விட்டவள் நான்.

தங்கை
பதுளை