காஸ் துணியில் வடிகட்டிய விஸ்கி

1993 தை மாதம் நான் ஆண்டாளைச் சேவிக்கப் போனதாக என் உறவினர்கள் இன்றும் சொல்லிவருகிறார்கள். தவறு. போன இடத்தில் கோயிலுக்கும் போனேன், அவ்வளவுதான். புறப்பட்டது ஒரு பாட்டில் விஸ்கிக்காக. கான்வென்ட்டில் படித்தவள் நான். மரியாதைக்காகச் சொல்லும் பொய்யும் பொய்தான்.

அது என் கணவர் வாங்கியது. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில், காய்ந்த சதுப்பு மண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திச் செய்தது. பதினெட்டு வருடம் மரப்பீப்பாயில் இருந்தது. ராணுவப் பணியாக வெளிநாடு போனபோது குடித்துப் பார்த்துவிட்டு, "மழைக்குப் பிறகு விறகு அடுப்பு" என்று எனக்கு வருணித்தார். ஒரு பாட்டில் வாங்கிவந்து, ஓய்வு பெற்றதும் திறக்கலாம் என்று இராஜபாளையத்து நண்பர் மேஜர் ராமசாமியிடம் கொடுத்துவைத்தார். ஓய்வுக்கு முன்பே இறந்துபோனார். "நீங்க வராமத் திறக்க மாட்டேன் மதினி" என்று மேஜர் சொல்லிவிட்டார். என் கணவர் சொன்ன சுவையை அறிய எனக்கிருந்தது அந்த ஒரே பாட்டில்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். தரிசனம் முடித்து, சூடு ஆறாத பால்கோவா அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து இராஜபாளையம் அரை மணி நேரம்.

மேஜர் வீட்டின் பின்புறம் அவருடைய பேண்டேஜ் துணி யூனிட். பாட்டிலை அத்தனை வருடமும் பீரோவில் படுக்கவைத்திருந்தார். விஸ்கி பட்டுக்கொண்டே இருந்த கார்க், திருகியதும் பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது. அவர் கலங்கவில்லை. யூனிட்டிலிருந்து, காயத்துக்குக் கட்டும் புது காஸ் துணி கொண்டுவந்து கண்ணாடி ஜாடியில் வடிகட்டினார். முகர்ந்தோம். டிங்சர் வாசனை.

"ஏங்க, மருந்து பட்ட துணியையா எடுத்தாந்திய?" என்றார் அவர் மனைவி கோமதி.

"ஏட்டி, நம்ம துணியில ஏது மருந்து? காயப்போட்ட எடத்துல எதுவும் பட்டிருக்குமோ…" மேஜரின் முகம் சுருங்கிவிட்டது. "கெடுத்துட்டேன் மதினி. அவிய நம்பிக் கொடுத்த பொருள்" என்று ஜாடியைக் கொட்டுவதற்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"செத்த நேரம் பொறுங்க" என்றேன். பாட்டிலின் அடியில் துணி படாத கொஞ்சம் மிச்சம் இருந்தது. முகர்ந்தேன். அதே டிங்சர். துணியின் மேல் குற்றமில்லை. விஸ்கியின் குணமே அது.

கோமதி சிரித்துவிட்டார். "இந்த வாசனைக்கா கடல் தாண்டி எம்புட்டோ செலவழிச்சாக? நம்மூரு ஆஸ்பத்திரி வராண்டாவுல சும்மாவே மோந்திருக்கலாமே அக்கா."

முதல் மிடறு நாக்கைச் சுட்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். டிங்சர் விலகிப் புகை வந்தது. பின்னால் உப்பு, அதன் பிறகு கருகிய வெல்லம் போல ஓர் இனிப்பு. விழுங்கிய பின்னும் தொண்டையில் வெகுநேரம் கனன்றது. ஒரு துண்டு பால்கோவாவை வாயிலிட்டு அடுத்த மிடறு குடித்தேன். சுண்டிய பாலும் புகையும் அத்தனை பொருத்தம். இவ்வளவு நேர்த்தியான ஒன்றை அதற்கு முன்போ பின்போ நான் சுவைத்ததில்லை. கோமதி பால்கோவாவோடு நிறுத்திக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: பால்கோவா அன்றைக்குச் செய்ததாக இருக்கட்டும். விஸ்கி பாட்டிலை நிற்கவைத்தே வையுங்கள். ஐஸ் வேண்டாம். பாட்டிலில் கழிந்த வருடங்களை அதன் வயதோடு சேர்த்துப் பெருமை பேசாதீர்கள். பீப்பாயில் இருந்ததுதான் கணக்கு.

என் கணவர் சொன்ன விறகு அடுப்பு எனக்குக் கிடைத்தது. மழை கிடைக்கவில்லை, காலிக் கிளாஸையும் முகர்ந்து பார்த்தேன். இந்த வகை விஸ்கி குடித்த உங்களில் யாருக்காவது அந்த மழை தெரிந்திருந்தால், எந்த மிடறில் என்று எனக்கு எழுதுங்கள்.