தங்கராஜ் அண்ணன் தாங்கிப்பிடித்த கம்பெனி

ஏற்காடு வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: ஏரிக்கரை லாட்ஜின் வரவேற்பறை டிவியில் இனி கிரிக்கெட் ஓடும்.

அந்தச் செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. ஸ்கோர் பார்க்கப் போனேன். ரூம் பாய் ரிமோட்டை என் கையில் கொடுத்தார். பங்குச்சந்தைச் சேனலைத் தவிர எதையும் ஓடவிடாத மேனேஜர் தங்கராஜ் அண்ணன், காலையில் மாரடைப்பில் போய்விட்டிருந்தார்.

ஐ.டி. உலகத்தை அவர் சாவிக்கொத்தை வைத்தே கணிப்பார். "பெங்களூர்ப் பசங்க ஆளுக்கொரு ரூம் போட்டா, கம்பெனில ஆள் எடுக்கறாங்கன்னு அர்த்தம் கண்ணு. நாலு பேரு ஒரே ரூம்ல படுத்தா, ஆளைக் கழிக்கறாங்க." வட்டி ஏறினால் பங்கு ஏன் விழுகிறது என்று கேட்டேன். "மலைப்பாதைல ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி ஒதுங்கோணுமல்ல? இப்ப வட்டி ஏறுது, பங்கு ஒதுங்குது." வகுப்பில் இதை என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டுக் கைதட்டல் வாங்கினேன். அன்றிலிருந்து நான் 'ஷேர் புலி'.

நாகலூரில் இருக்கும் அண்ணனுடைய அக்கா மகள் கவிதா அக்காவை ஒரு மென்பொருள் கம்பெனி கல்லூரியிலேயே தேர்ந்தெடுத்தது. சேரும் தேதிதான் வரவில்லை. அந்தக் கம்பெனியின் பங்கும் சரிந்துகொண்டே போனது. அண்ணனோ வாங்கிக்கொண்டே இருந்தார்.

"விழறதைப் போய் ஏனுங்ண்ணா வாங்கறீங்க?"

"நம்ம புள்ளையக் கூப்பிடப்போற கம்பெனி சாமி. அதுக்குக் கஷ்டம் வந்தப்ப விட்டுட்டு ஓடுனா நல்லாவா இருக்கும்?"

சேர்வராயன் கோயிலில் கம்பெனி பேருக்கே பூசை வைத்தார். பூசாரி நட்சத்திரம் கேட்டதற்கு, "அது மார்க்கெட்டுக்கு வந்த நாளு வேணா சொல்றனுங்க" என்றார்.

இப்படி ஓர் ஆள் கிடைத்தால் என் கை சும்மா இருக்குமா? நண்பனின் புது நம்பரிலிருந்து, கம்பெனியே அனுப்பியதுபோல அண்ணனுக்கு ஒரு செய்தி தட்டினேன்: 'மதிப்பிற்குரிய பங்குதாரரே, தங்கள் ஆதரவுக்கு நன்றி. தேர்வான புதியவர்கள் அடுத்த மாதம் அழைக்கப்படுவர்.' அன்று கடைவீதிக்கே ஜிலேபி கொடுத்தார். இதைப் படிக்கும் உங்களில் பலரும் தின்றிருப்பீர்கள். சாயங்காலம் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "சேலத்து ஆபீசுல கூப்பிட்ட வேலைக்கு வரலைன்னு கவிதாவச் சொல்லச் சொல்லிட்டன். நொம்ப சந்தோசம் கண்ணு." கையிலிருந்த ஜிலேபியைத் தின்று முடித்தேன். செய்தி அனுப்பியது நான்தான் என்று சொல்லவில்லை.

சாவு வீட்டில் கவிதா அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மாமா சொன்ன மாசம் பொறந்துருச்சுங்க. கூப்புட்டுருவாங்க."

அக்கா, கம்பெனி கூப்பிடுமா என்று எனக்குத் தெரியாது. கூப்பிடும் என்று சொன்னது கம்பெனி இல்லை, நான். சேலத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த ஆபீஸ் வாசலில் 'ஆள் தேவை' அட்டை இன்னும் தொங்குகிறது. தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த மலைப்பாதைப் பேச்சு ஒன்றுதான். அதையும் இங்கே அவர் சொன்னதாகவே எழுதி, அவர் பேரிலேயே திருப்பி வைத்துவிட்டேன். ஷேர் புலிக்கு வட்டி என்றால் என்னவென்று இன்றுவரை சரியாகத் தெரியாது.