நவம்பர் பதினான்கில் நட்ட பூண்டு

"வெள்ளைப்பூண்டு உள்ளே வைத்தேன். நாற்பது நாள். நவம்பர் 14 நடணும்." சமையலறை நாட்காட்டியில், ஒக்டோபர் 5 என்ற கட்டத்துக்குள் என் மனைவி பென்சிலால் எழுதியது. கட்டத்துக்குள் அடங்காமல் கடைசிச் சொல் அடுத்த நாளுக்குள் போயிருக்கிறது. அவள் இறந்தது அதே மாதம் 23ஆம் திகதி, காலை ஆறு இருபதுக்கு.

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் வீடு. இந்த உயரத்தில் பூண்டுக்குக் குளிர் போதாது. பூண்டை அப்படியே நட்டால் பல் பிரியாமல் ஒற்றைப் பல்லாக உருண்டு நிற்கும். அதனால் அவள் நடுவதற்கு முன் நாற்பது நாள் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பாள். வெலிமடைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கைப்பையில் போட்டுக்கொண்டு வந்த பூண்டு அது. ஒவ்வொரு மார்ச்சிலும் பிடுங்கியதில் பெரியவற்றை விதைக்கு எடுத்துவைத்து, சிறியவற்றை மட்டும் சமைத்தாள். ஏழு வருடம் அப்படி.

நவம்பர் 7, பதினாறாம் நாள் காரியம். அன்றைய என் குறிப்பு: "மழை இல்லை. அறுபது பேர் அளவில். ரசம் நன்றாக இருந்தது, இரண்டாம் முறையும் வாங்கினேன்."

மறுநாள் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்த கொழுந்தியா, என் மனைவியின் தங்கை, நாட்காட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"மச்சான், இது என்னா பூண்டு?"

"உள்ளே இருக்கும். கீழ்த் தட்டில்."

அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "தயிர்ச் சட்டி வைக்க எடம் பத்தலேன்னு எல்லாத்தையும் வெளிய எடுத்தோம். மொளை வந்திருந்திச்சு. கெட்டுப்போகுதேன்னு ரசத்துக்குத் தட்டிப் போட்டேன்."

"எல்லாமா?"

"மிச்சத்தக் கூடையில கொட்டினேன்." கூடையை எடுத்துவந்தாள். சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு என்று கொண்டுவந்து கொடுத்ததில் கடைப் பூண்டும் இருந்தது. எல்லாம் ஒரே கூடையில். அவளும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். முளை கண்டவை ஆறு. அவற்றில் சில கடையிலிருந்தே முளைத்து வந்தவையாகவும் இருக்கலாம்.

"அக்காவோடது தோல் என்னா கலரு மச்சான்? வெள்ளையா, ஊதாவா?"

எனக்குத் தெரியவில்லை.

"டயறியில எழுதி இருப்பீங்களே. பஸ் எத்தன நிமிசம் லேட்டுன்னு கூட எழுதுற ஆளு."

எடுத்துப் பார்த்தேன். ஏழு வருடமும் நட்ட திகதி, பிடுங்கிய திகதி, எத்தனை பூண்டு, என்ன நிறை எல்லாம் இருந்தன. நிறம் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பூண்டு பூண்டுதானே அண்ணே, ஊன்றுங்க, வந்திரும்" என்றார். கொழுந்தியா மிச்சப் பூண்டை மீண்டும் கூடையில் அள்ளிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கிண்ணம் ரசம் குடித்தது நான்.

ஆறு பூண்டையும் மீண்டும் உள்ளே வைத்தேன். நவம்பர் 14, காலை தூறல். அவள் செய்வதைப் பார்த்திருந்தபடி பாத்தியை உயர்த்தினேன், அடுப்புச் சாம்பல் போட்டேன், கூர்முனை மேலே இருக்கும்படி முப்பத்தொரு பல் ஊன்றி வைக்கோல் மூடினேன். இருபத்தாறு முளைத்தன. டிசம்பர் மழையில் இரண்டு அழுகின. மற்ற நாட்களின் குறிப்பில் மழையளவும் என் மாத்திரைகளும் மட்டும் உள்ளன.

மார்ச் 19 பிடுங்கினேன். இருபத்து நான்கு பூண்டில் பதினைந்து பல் பல்லாகப் பிரிந்திருந்தன, ஒன்பது ஒற்றைப் பல். அவளுடையது என்றால் எல்லாம் பிரிந்திருக்குமோ என்று பழைய குறிப்புகளைப் பார்த்தேன். அவளுக்கும் சில வருடம் ஒற்றைப் பல் வந்திருக்கிறது. நாவுலைக்குப் போகும் வழியில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து இரண்டைக் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்தார்.

"கடைப் பூண்டும் குளிர்ல இருந்து வந்ததுதான் ஐயா. அதுவும் பிரியும். பார்த்துச் சொல்ல ஏலாது."

சித்திரைக்கு வந்த கொழுந்தியா, அடுப்புக்கு மேலே நான் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டை அண்ணாந்து பார்த்தாள். தான் கடையில் வாங்கிவந்த பூண்டை உரித்துச் சமைத்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே.

பெரியவை எட்டை விதைக்கு ஒதுக்கியிருக்கிறேன். புதிய நாட்காட்டியில் ஒக்டோபர் 5 கட்டத்தில் எழுதியாகிவிட்டது. டயறியில் இந்த முறை நிறமும் உண்டு: வெளித்தோல் வெள்ளை, உள்தோலில் இளஞ்சிவப்புக் கோடு. இது அவள் வைத்த பூண்டின் வழியா, சாவு வீட்டுக்கு யாரோ வாங்கிவந்த கடைப் பூண்டா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.